பின்னலுக்கு ஒரே சோதனை போதுமா? சென்னை வழியாக ஒரு மீள்பார்வை

ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்ட இரண்டு போட்டன்களில் ஒன்றைப் புசல்லாவையிலும் மற்றதைப் பேராதனையிலும் அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான சோடிகளை அளந்தபின் இரு ஊர்க் குறிப்பேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் நிலைக்குத்து முனைவு என்று பதிந்த இடத்திலெல்லாம் மற்றதிலும் நிலைக்குத்தே இருக்கிறது. இதைக் கொண்டு சோடிகள் குவாண்டம் முறையில் பின்னிக்கிடக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. அனுப்பியவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, அதன்படி இரண்டையும் நிலைக்குத்தாகவோ இரண்டையும் கிடையாகவோ முனைவாக்கி அனுப்பியிருந்தாலும் இதே ஒப்புமை கிடைத்திருக்கும். ஜெர்மனியரான ரைன்ஹார்ட் வெர்னர் 1989இல் எல்லைக்கோட்டை இந்த இடத்தில்தான் போட்டார். இரு பக்கத்தாரும் தத்தம் துணிக்கையைத் தனித்தனியே ஆயத்தம் செய்து, இடையில் தொலைபேசிப் பேச்சையும் நாணயச் சுண்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு உண்டாக்கக்கூடிய நிலை பிரிபடும் நிலை. அப்படி உண்டாக்க முடியாதது பின்னிய நிலை. வரைவிலக்கணம் இவ்வளவு எளிது. கையில் தரப்பட்ட ஒரு நிலை எந்தப் பக்கம் சேரும் என்று தீர்ப்பதுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகவியலாளரையும் கணிதவியலாளரையும் அலைக்கழித்து வருகிறது. எல்லா நிலைகளுக்கும் பொருந்தும் ஒரே சோதனையைத் தேடியவர்களுக்குக் கிடைத்ததைவிட, கேள்வி முழுமையாகத் தீர்ந்துவிடும் சிறு குடும்பங்களைத் தேடியவர்களுக்கே அதிகம் கிடைத்தது என்பது என் வாதம். அந்தக் குடும்பங்களுள் ஒளியியல் ஆய்வுகூடத்துக்கு மிக நெருக்கமான ஒன்றுக்கு 2000ஆம் ஆண்டில் சென்னைத் தரமணியிலிருந்து விடை வந்தது. அதைப் பிறர் கண்டதன் நீட்சி என்று ஒரு வரியில் குறித்துவிட்டுப் பாடநூல்கள் நகர்வது நியாயமாகப் படவில்லை.

கஷ்டம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். தூய நிலை ஒன்றில் பின்னல் இருக்கிறதா என்று அறிவது மிக எளிது: ஒரு பாதியை மட்டும் பார்த்தால் அது தூயதாக இல்லை என்றால் பின்னல் உண்டு, அதோடு கதை முடிந்தது. ஆனால் ஆய்வுகூடத்தில் தூய நிலை கிடைப்பதில்லை. இழையில் ஒளி சிதறுகிறது, வெப்பம் கலக்கிறது, கருவி தவறுகிறது. கிடைப்பது கலப்பு நிலை. அதை விவரிப்பது அடர்த்தித் தாயம். பிரிபடும் நிலை என்றால் அந்தத் தாயத்தைப் பின்னலற்ற எளிய நிலைகளின் கலவையாக எழுத ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும். ஏதாவது ஒரு வழி என்பதில்தான் சிக்கல். பல தோட்டத்துத் தூள்களைச் சேர்த்த தேயிலைக் கலவையைக் கைதேர்ந்த சுவைஞர் வாயில் வைத்து எந்தத் தூள் எவ்வளவு என்று ஓரளவு பிரித்துவிடுவார். அடர்த்தித் தாயமோ தான் எப்படிக் கலக்கப்பட்டது என்ற நினைவையே வைத்துக்கொள்வதில்லை. ஒரே தாயத்தை முடிவின்றிப் பல விதங்களில் கலவையாக எழுதலாம். பின்னிய நிலைகளைக் கலந்தே செய்த ஒன்று இறுதியில் முழுக்கப் பிரிபடும் நிலையாக இருந்துவிடலாம். எல்லா வழிகளையும் தேடிப் பார்த்து ஒன்றுகூட இல்லை என்று நிறுவுவது இலேசான வேலையில்லை.

பெல் சமனிலி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஜோன் பெல் 1964இல் முன்வைத்ததும், கிளாசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகியோர் 1969இல் ஆய்வுகூடத்துக்கு ஏற்ற வடிவம் கொடுத்ததும், அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022ஆம் ஆண்டின் நோபல் பரிசைத் தேடித்தந்ததும் அந்தச் சமனிலிதானே. அது மீறப்பட்டால் பின்னல் உறுதி. மீறப்படாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. இதற்கு வெர்னரே உதாரணம் தந்தார். மிகையாகப் பின்னிய தூய நிலையொன்றை முழுக் குழப்பத்தோடு கலக்குங்கள். கலவையில் தூய பகுதியின் பங்கு 1/3ஐத் தாண்டியவுடனேயே இரு கியூபிட்டுகளும் (இரு மட்டத் துணிக்கைகளும்) பின்னிவிடுகின்றன. ஆனால் 1969இன் சமனிலி மீறப்பட அந்தப் பங்கு 1/√2ஐ, அதாவது ஏறக்குறைய 0.707ஐத் தாண்ட வேண்டும். பங்கு 1/2 வரையான நிலைகளில், போட்டனை ஏதாவது இரண்டு திசைகளுக்கு இடையே தெரிவுசெய்ய வைக்கும் வழக்கமான அளவீடுகள் எல்லாவற்றின் பெறுபேறுகளையும் பழைய பௌதிகவியலின் மறைமாறிகளைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று வெர்னர் காட்டினார். 1/3க்கும் 1/2க்கும் இடையிலுள்ள அந்தப் பின்னல் எந்தப் பெல் சமனிலியின் கண்ணிலும் நேரடியாகப் படாது. இதைப் பெல் சோதனையின் குறை என்று நான் எண்ணவில்லை. அது கருவியை நம்பாமலே தீர்ப்புச் சொல்கிறது; நம்பிக்கையின்மைக்கு அது கொடுக்கும் விலை இது. இந்த விலை பற்றிப் பின்னர் வருகிறேன்.

1996இல் அஷர் பெரஸ் வேறொரு வழியைக் கண்டார். அடர்த்தித் தாயத்தில் இரண்டாம் துணிக்கைக்கு உரிய சுட்டிகளை மட்டும் நிரையும் நிரலும் மாற்றிப் போடுங்கள். நிலை பிரிபடும் நிலையாக இருந்தால், மாற்றிய தாயமும் நேர்மையான ஒரு நிலையாகவே இருக்கும். அதன் ஐகன் பெறுமானங்களில் ஒன்றும் மறையாக வராது. மறைப் பெறுமானம் வந்தால் பின்னல் உண்டு. வெர்னரின் நிலைக்கு இதைச் செய்து பார்த்தால் மிகச் சிறிய பெறுமானம், ஒன்றிலிருந்து தூய பங்கின் மும்மடங்கைக் கழித்து நான்கால் வகுத்தது. பங்கு 1/3ஐத் தாண்டியவுடன் அது மறையாகிறது. பெல் சமனிலி தவறவிட்ட இடைவெளி முழுவதும் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றில் பிடிபட்டுவிட்டது. அதே ஆண்டு போலந்தின் ஹொரொடெட்ஸ்கி குடும்பத்தார் மூவரும் (மிஹாவ், பாவெவ் சகோதரர்களும் தந்தை ரிஷார்டும்) இரு கியூபிட்டுகளுக்கும், ஒரு கியூபிட்டும் மூன்று மட்டத் துணிக்கையொன்றும் சேர்ந்த சோடிக்கும் இந்தச் சோதனை எதையும் தவறவிடாது என்று நிறுவினர். அவர்கள் நிறுவலுக்குப் பின்புலமாக இருந்தவை 1963இல் ஷ்டோர்மரும் 1976இல் வொரொனோவிச்சும் தூய கணிதத்துக்காகச் செய்த தேற்றங்கள்.

இந்தச் சுட்டி மாற்றம் ஏன் பலிக்கிறது என்ற கேள்வியில்தான் சென்னையின் வாடை முதலில் அடிக்கிறது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்த இ. சி. ஜி. சுதர்சன், பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் பொறிமுறை கற்பித்துப் பெயர்பெற்ற பி. எம். மாத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகிய மூவரும் 1961இல் ஒரு கட்டுரை எழுதினர். குவாண்டம் நிலையொன்று வெளி உலகோடு ஊடாடி மாறும்போது, அந்த மாற்றத்தின் மிகப் பொதுவான ஏகபரிமாண வடிவம் என்ன என்பது அவர்கள் கேள்வி. மாற்றத்தை விவரிக்கும் பெரிய தாயத்தின் சுட்டிகளை வேறொரு ஒழுங்கில் அடுக்கினால் அதன் குணங்கள் வெளிப்படையாகத் தெரியும் என்று காட்டினர். அந்த அடுக்கலே இன்றைய குவாண்டம் தகவல் கணிதத்தின் அன்றாடக் கருவி. ஒரு மாற்றம் தனித் துணிக்கையின் எந்த நிலையையும் நிலையாகவே வைத்திருக்கலாம். ஆனால் பின்னிய சோடியின் ஒரு பாதியில் மட்டும் அதைச் செய்தால் விளைவு நிலையே அல்லாமல் போகலாம். நிலைமாற்று, அதாவது நிரையையும் நிரலையும் மாற்றிப் போடுவது, அப்படிப்பட்ட ஒரு மாற்றம். இயற்கையில் அதைச் செய்யும் கருவி கிடையாது. தாளில் மட்டுமே செய்யலாம். அந்த இயலாமையே பின்னலைக் காட்டிக்கொடுக்கிறது. 2002, 2003 ஆண்டுகளில் ருடொல்ஃபும், சென்–வு இணையும் தனித்தனியே கண்ட மறுஅடுக்கல் சோதனையும் 1961இன் சுட்டி அடுக்கலோடு நெருங்கிய உறவுடையது. பெரஸின் சோதனை தவறவிடும் சில நிலைகளை அது பிடிக்கிறது. வேறு சிலவற்றைத் தானே தவறவிடுகிறது.

ஆம், பெரஸின் சோதனையும் தவறவிடுகிறது. இரு பக்கமும் மூன்று மட்டங்கள் வந்தவுடனேயே, மறைப் பெறுமானம் ஒன்றும் இல்லாமலே பின்னியிருக்கும் நிலைகள் உண்டு என்று பாவெவ் ஹொரொடெட்ஸ்கி 1997இல் காட்டினார். அதற்கு அவர் கையாண்ட வழி அழகானது: நிலை பரவியிருக்கும் உபவெளியில் பெருக்கக் காவிகள், அதாவது பின்னலற்ற காவிகள், போதாமலிருந்தால் அந்த நிலையைப் பின்னலற்றவற்றின் கலவையாக எழுத வழியே இல்லை. பெருக்கக் காவி ஒன்றுகூட இல்லாத உபவெளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்விக்குச் சென்னையில் பிறந்த கணிதவியலாளர் கே. ஆர். பார்த்தசாரதி 2004இல் முழு விடை கொடுத்தார். இரு பகுதிகளுக்கு அது, ஒவ்வொரு பரிமாணத்திலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் வரும் எண். மூன்றுக்கு மூன்று என்றால் நான்கு. பெனெட்டும் கூட்டாளிகளும் 1999இல் ஐந்து பெருக்கக் காவிகளைக் கொண்டு செய்த புகழ்பெற்ற உதாரணத்தில் எஞ்சுவது சரியாக அந்த நாற்பரிமாண வெளிதான். அந்த உதாரணம் எல்லையின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிடிக்கும் சோதனையை இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தேடலாமே? 2003இல் லியோனிட் குர்விட்ஸ் அந்த நம்பிக்கையை ஒடுக்கினார். பரிமாணம் வளரவளர, பிரிபடுமா என்ற பொதுக் கேள்வி கணினியியலில் மிகக் கடினமானவை என்று பெயர்பெற்ற வகுப்பைச் சேர்ந்தது என்று அவர் நிறுவினார். இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. டொஹர்ட்டி, பரிலோ, ஸ்பெடாலியேரி மூவரும் படிப்படியான சோதனை வரிசை ஒன்றைக் கட்டினர். அதில் ஏறிக்கொண்டே போனால் எந்தப் பின்னிய நிலையும் ஏதாவது ஒரு படியில் கட்டாயம் அகப்படும். கொள்கையளவில் பிரச்சினை தீர்ந்தது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் எந்தப் படியில் அகப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. பிரிபடும் நிலையைக் கொடுத்தால் ஏணி முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படியிலும் கணக்கின் அளவு வேகமாகப் பெருகுகிறது. அதற்கு முன்பே இன்னொரு தடை நிற்கிறது: கணக்கில் ஏற்ற அடர்த்தித் தாயம் கையில் இருக்க வேண்டும். இரு கியூபிட்டுகளுக்கு அது 15 மெய்யெண்கள். கியூபிட் ஒன்று கூடும்போதெல்லாம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒவ்வோர் எண்ணையும் வழுவோடுதான் அளக்கிறோம். எல்லைக்கோட்டுக்கு அருகிலுள்ள நிலைகளை வழுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிவிடும்.

இதனால்தான் ஆய்வுகூடத்தார் சாட்சிகளை நாடினர். பிரிபடும் நிலைகள் எல்லாம் சேர்ந்தது ஒரு குவிவுத் தொடை. அதற்கும் வெளியே உள்ள எந்தப் புள்ளிக்கும் இடையில் ஒரு தளத்தை நிறுத்திப் பிரிக்கலாம். அந்தத் தளத்தைக் குறிக்கும் அளவீடே பின்னல் சாட்சி. அந்தப் பெயரைப் பார்பரா டெர்ஹால் 2000இல் வழங்கினார். சாட்சியின் சராசரி மறையானால் பின்னல் உண்டு. வெர்னர் நிலைக்குப் பொருத்தமான சாட்சியை மூன்றே அமைப்புகளில் அளந்துவிடலாம். முழுத் தாயத்தையும் வழக்கமான முறையில் மீட்க ஒன்பது அமைப்புகள் தேவை. சாட்சி 1/3 என்ற எல்லையையும் அப்படியே பிடிக்கிறது. ஆனால் எந்த நிலை வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகம் இருந்தால்தான் பொருத்தமான சாட்சியைத் தெரிவுசெய்யலாம். இன்னும் முக்கியமாக, கருவி சொன்ன திசையில் அளக்காமல் சற்றே விலகி அளந்தால் பிரிபடும் நிலையைக்கூடச் சாட்சி பின்னியது என்று சொல்லிவிடக்கூடும். பெல் சோதனை கொடுத்த விலை இங்கே அர்த்தம் பெறுகிறது: அது குறைவாகப் பிடிக்கிறது, ஆனால் பொய்யாகப் பிடிப்பதில்லை. இரகசியச் சாவி பகிர்பவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. கர்ட்டி, லெவன்ஸ்டைன், லூட்கன்ஹவுஸ் ஆகியோர் 2004இல் காட்டியபடி, அளவீட்டுப் பெறுபேறுகளைக் கொண்டு பின்னலை நிரூபிக்க முடியாவிட்டால் அவற்றிலிருந்து பாதுகாப்பான சாவியும் பிறக்காது. இந்திய விண்வெளித் துறையின் அகமதாபாத் நிறுவனங்கள் 2022இல் 300 மீற்றர் இடைவெளியில் பின்னல்வழிச் சாவிப் பகிர்வைச் செய்துகாட்டியபோதும் அடியில் கிடந்தது இந்தக் கேள்விதான்.

இனித் தரமணிக்கு வருவோம். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் ராஜையா சைமன் எடுத்துக்கொண்டது கியூபிட்டுகளை அல்ல, ஒளிக்கற்றைகளை. ஒளியின் ஒவ்வொரு பாங்கும் ஒரு அலையியற்றி. அதற்கு இடம் என்றும் உந்தம் என்றும் இரு தொடர்மாறிகள். இங்கே பரிமாணம் முடிவிலி. குர்விட்ஸ் சொன்ன கஷ்டம் இங்கே உச்சத்தில் இருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பார். சைமன் பார்த்தது வேறு. நிலைமாற்று என்ற தாயக் கணக்கு இந்த மாறிகளில் காலத்தைத் திருப்புவதற்குச் சமம்: இடம் அப்படியே இருக்க உந்தம் மட்டும் குறி மாறுகிறது. ஆகவே பெரஸின் பகுதி நிலைமாற்று, இரண்டாம் கற்றையின் உந்தத்தை மட்டும் அவத்தை வெளியில் கண்ணாடியில் தெறிக்க வைப்பது. பிரிபடும் நிலையைத் தெறிக்க வைத்தாலும் அது நிச்சயமின்மைக் கோட்பாட்டை மீறாது. மீறினால் அது பின்னியது. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் 1935இல் எழுதிய பழைய உதாரணத்தை இந்தக் கண்ணாடியில் பாருங்கள். அவர்கள் நிலையில் இரு துணிக்கைகளின் இட வித்தியாசமும் உந்தக் கூட்டுத்தொகையும் ஒருசேரத் திட்டமாக இருக்கின்றன. இவை இரண்டும் ஒன்றையொன்று தடுக்காத கணியங்கள் என்பதால் அதில் தவறில்லை. இரண்டாம் உந்தத்தின் குறியை மாற்றினால் கூட்டுத்தொகை வித்தியாசமாகிவிடுகிறது. இட வித்தியாசமும் உந்த வித்தியாசமும் ஒருசேரத் திட்டமாக இருக்க ஹைசன்பர்க் விடமாட்டார். அறுபது ஆண்டுகள் விவாதித்த ஒரு நிலையின் பின்னல் ஒரு குறி மாற்றத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

சைமன் அங்கே நிற்கவில்லை. இரு பாங்கு காஸ் நிலைகளுக்கு, அதாவது லேசரும் நெருக்கிய ஒளியும் வெப்ப ஒளியும் சாதாரணமாகத் தரும் நிலைகளுக்கு, இந்தத் தெறிப்புச் சோதனை போதுமானதும் ஆகும் என்று நிறுவினார். அத்தகைய நிலையின் பின்னலை முழுக்கத் தீர்மானிப்பவை மாறற்றிறன்களும் இணைமாறற்றிறன்களுமான பத்து எண்கள். இரு பக்கத்திலும் உள்ளூர் மாற்றங்கள் செய்தால் அவை நான்காகச் சுருங்கும். முடிவிலிப் பரிமாணம் பத்து எண்களுக்குள் அடங்கிவிட்டது. நிறுவலின் நெஞ்சில் இருப்பது சுதர்சன் 1963இல் ஒளியின் நிலைகளுக்கு எழுதிய மூலைவிட்ட வடிவம். தெறிப்பைத் தாங்கும் காஸ் நிலையை உள்ளூரில் தக்கபடி நெருக்கினால், அந்த வடிவத்தின் நிறைகள் எங்கும் மறையாகா. மறையாகாத நிறை என்பது சாதாரண லேசர்க் கற்றைகளின் கலவை, அதாவது பிரிபடும் நிலை. 1961, 1963, 2000 என்ற மூன்று ஆண்டுகளும் இப்படி ஒரே நூலில் கோக்கப்படுகின்றன. பெரஸின் கணக்கை எடுத்து வேறிடத்தில் பூட்டியது மட்டும்தான் இது என்றால், அந்தக் கணக்குக்கு வடிவியல் அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கு எதிராக இரண்டு சொல்லலாம். ஒன்று, துவான், கீட்கே, சிராக், சோலர் நால்வரும் அதே இதழில், சைமனின் கட்டுரைக்குச் சில பக்கங்கள் முன்பாக, அதே குடும்பத்துக்குத் தம் சோதனையை வெளியிட்டனர். உண்மைதான், புகழை ஒருவருக்கே கொடுக்க நான் கேட்கவில்லை. அவர்களுடைய சமனிலி இரு மாறற்றிறன்களைக் கூட்டிப் பார்ப்பது. கருவி மேசைக்கு மிக வசதியானது. ஆனால் அது முழுமையாக வேலை செய்ய நிலையை முதலில் ஒரு நியம வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சைமனின் நிபந்தனையோ உள்ளூர் மாற்றங்களால் மாறாதது. நிலை எந்த உருவில் வந்தாலும் அப்படியே போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது மறுப்பு கனமானது: காஸ் நிலைகள் சிறு தீவு, வெளியே கடல். ஒற்றைப் போட்டன் ஒன்றை அரைவாசி ஊடுசெல்லும் கண்ணாடியில் விட்டால் இரு வழிகளும் மிகையாகப் பின்னுகின்றன. ஆனால் அதன் இட இணைமாறற்றிறனும் உந்த இணைமாறற்றிறனும் ஒரே குறியில் இருப்பதால் தெறிப்புச் சோதனை வாயைத் திறப்பதில்லை. ஷுக்கினும் ஃபோகலும் 2005இல் உயர்படித் திருப்பங்களைச் சேர்த்து இந்தக் குறையை நிரப்பப் பார்த்தனர். எண்ணிக்கை மீண்டும் ஏறுகிறது. காஸ் குடும்பத்துக்குள்ளேயே ஒரு பக்கம் ஒரு பாங்கு இருக்கும்வரை மறுபக்கம் எத்தனை இருந்தாலும் சோதனை முழுமையானது. இரு பக்கமும் இரண்டிரண்டு பாங்குகள் வந்தவுடன் தப்பிப்போகும் நிலைகள் உண்டு என்று வெர்னரும் வுல்ஃபும் 2001இல் காட்டினர். தீவின் கரை எங்கே முடிகிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதே என் வாதத்துக்குச் சாதகம். ஏணி முறைக்கு அப்படிக் கரை கிடையாது.

கண்டறிந்த பின்னல் எதற்கு உதவும் என்ற கேள்வியும் இதோடு ஒட்டியது. பலவீனமான பல சோடிகளிலிருந்து வலுவான சில சோடிகளை வடித்தெடுக்க முடியுமானால் பின்னல் பயன்படும். மறைப் பெறுமானம் இல்லாத பின்னலிலிருந்து வடிக்கவே முடியாது என்று ஹொரொடெட்ஸ்கிகள் 1998இல் காட்டி அதற்குக் கட்டுண்ட பின்னல் என்று பெயரிட்டனர். அப்படியானால் பெரஸின் சோதனை தவறவிட்டதெல்லாம் பயனற்றது, கவலை வேண்டாம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாமா? அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. 2005இல் கட்டுண்ட நிலைகள் சிலவற்றிலிருந்தும் இரகசியச் சாவி பெறலாம் என்று தெரிந்தது. 2014இல் வெர்டேசியும் பிரூனரும் கட்டுண்ட நிலையொன்று பெல் சமனிலியையே மீறுவதைக் காட்டி, பெரஸ் நம்பிய ஒரு ஊகத்தைக் கவிழ்த்தனர். மறுதிசையில், மறைப் பெறுமானம் இருந்தால் கட்டாயம் வடிக்கலாமா? இரு கியூபிட்டுகளுக்கு ஆம். காஸ் நிலைகளுக்கும் ஆம் என்று கீட்கேயும் கூட்டாளிகளும் 2001இல் நிறுவினர், ஆனால் காஸ் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு வடிக்க முடியாது என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. கேள்வி தீர்ந்த குடும்பங்களில் கண்டறிதலும் பயனும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு வெளியே பொதுவாக என்ன என்பது தெரியாது. பாவெவ் ஹொரொடெட்ஸ்கி, ருட்னிட்ஸ்கி, சிச்கொவ்ஸ்கி மூவரும் 2022இல் தொகுத்த ஐந்து திறந்த வினாக்களில் நான்காவது, மறைப் பெறுமானம் கொண்டும் வடிக்க முடியாத நிலை உண்டா என்பது. ஐந்தாவது, இரு பக்கமும் நான்கு மட்டங்கள் கொண்ட ஒரேயொரு குறிப்பிட்ட நிலையை எடுத்து, அதன் இரண்டு பிரதிகளைக் கொண்டு வடிக்கலாமா என்று மட்டும் கேட்கிறது.